ஈராயிரம் ஆண்டுகளுக்கு அப்பால்

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் ஓர் ஆங்கில நாவலைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். "படித்துப் பாருங்கள், ஸார். உங்களுக்குத்தான் சரித்திர நாவல் என்றால் உயிராயிற்றே" என்றார். மேரி ரெனால்ட் எழுதிய 'தி பெர்ஷியன் பாய்' என்ற நாவல் அது. 1972-ல் வெளிவந்தது. மகா அலெக்ஸாந்தரின் கடைசி ஆண்டுகளை, அவனுடைய அந்தரங்க ஊழியனாக இருந்த பகோவாஸ் என்ற பாரசீக இளைஞன் சொல்வதுபோல் அமைந்த கதை. பகோவாஸ் கற்பனைப் பாத்திரம் அல்ல. நாட்டியப் போட்டி ஒன்றில் அவன் வென்றபோது, மாசிடோனிய வீரர்கள் ஆரவாரம் செய்து, அரசன் அவனை முத்தமிட்டுத்தான் ஆகவேண்டும் என்று கூச்சலிட்டதையும், அரசன் அவ்வாறே செய்ததையும் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார்.

நான்கு இரவுகளில் நாவலை முடித்தேன். எக்பதானா நகரில் ஹெபஸ்தியோன் இறந்துபோகிற இடம் வந்தபோது என் கண்கள் கலங்கின. ஹெபஸ்தியோன் அலெக்ஸாந்தரின் பிள்ளைப் பருவத்துத் தோழன், அவனது உயிர். கி.மு. 324-ல் அவன் இறந்ததும் அலெக்ஸாந்தர் குதிரைகளின் பிடரி மயிரையெல்லாம் கத்தரிக்கச் சொன்னான், உணவு கொள்ள மறுத்தான், வைத்தியனையே கொல்வித்தான் என்று பழைய நூல்கள் கூறுகின்றன. எட்டு மாதங்கள்கூட ஆகவில்லை, பாபிலோனில் அவனும் இறந்தான். நாவலில் இத்தனையையும் நமக்குச் சொல்கிறவன் பகோவாஸ். அதாவது, அதே அரசனை நேசித்து, ஹெபஸ்தியோன்மேல் பொறாமையால் வெந்துகொண்டிருந்தவன். தன் போட்டியாளன் இறந்த துயரத்தை அவன் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார் ஆசிரியை. கதை எழுதுகிறவன் என்ற முறையில், இந்த ஒரு யுக்திக்காகவே அவரைக் கும்பிடலாம் என்று தோன்றியது.

அடுத்த வாரம் இளைஞர் வந்தார். "எப்படி இருந்தது, ஸார்?" என்று கேட்டார்.

"பிரமாதம். அலெக்ஸாந்தருக்கும் ஹெபஸ்தியோனுக்கும் இருந்த நட்பை இவ்வளவு உயர்வாக யாரும் எழுதியதில்லை" என்றேன்.

"நட்புதானா, ஸார்?"

அவர் குரல் மெதுவாக இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "கிரேக்கர்களின் பழக்கவழக்கம் வேறு, சரித்திரத்தைச் சரித்திரமாகத்தான் பார்க்க வேண்டும்" என்று ஆரம்பித்து ஏதேதோ பேசினேன். கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும்கூட விடவில்லை. ஒருவரை ஒருவர் பாராமலே உயிர் கொடுத்த நட்பு நம் புறநானூற்றிலேயே இருக்கிறதே என்றேன். அந்தப் பெரியவர்களை நான் அன்று அழைத்தது அவர்களுடைய பெருமைக்காக அல்ல. அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான். இளைஞர் காபியைக் குடித்துவிட்டு, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் வந்தார். ஆனால் புத்தகம் எதையும் கொண்டுவரவில்லை.

அழுதது உண்மை. நட்பு என்று சொன்னது பொய். படிக்கும்போது அது காதல் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. காதல் என்பதனால்தான் அழுதேன். அப்படியிருக்க, இருபத்துமூன்று நூற்றாண்டுகளுக்கு அப்பால் நடந்தபோது என்னை உருக்கிய ஒரு விஷயம், என் மேஜைக்கு எதிரே நாற்காலியில் வந்து உட்கார்ந்ததும் ஏன் என் வாயை அடைத்தது? இரண்டு ஆண்களுக்கிடையே தோன்றிய காதலைச் சொல்லும் சரித்திர நாவல்கள் இன்று உலகெங்கும் விரும்பிப் படிக்கப்படுகின்றன. அந்தக் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது, அது நல்லதுதானா என்று யோசிக்கும்போதெல்லாம் அந்த மாலைப்பொழுதுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

மேரி ரெனால்ட் இங்கிலாந்தில் 1905-ல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். அங்கே உடன் பயின்ற ஜூலி மல்லார்டு என்ற பெண்மணியோடுதான் வாழ்நாள் முழுவதும் வாழ்ந்தார். 1948-ல் இருவரும் தென்னாப்பிரிக்காவுக்குக் குடியேறினார்கள். 1983-ல் கேப்டவுனில் மேரி இறந்தார். 'தி சாரியட்டியர்' என்ற நாவலை அவர் 1953-ல் வெளியிட்டார். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட ஒரு சிப்பாயின் கதை. ஆண்களின் காதலை நேராகச் சொல்லும் கதை. இங்கிலாந்தில் அது வந்துவிட்டது. அமெரிக்காவில் வருவதற்கு 1959 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அவர் தம் காலத்தைவிட்டே வெளியேறிவிட்டார் என்று சொல்லலாம். 1956-ல் 'தி லாஸ்ட் ஆஃப் தி வைன்' வந்தது. ஸாக்ரடீஸ் வாழ்ந்த ஏதென்ஸ் நகரம். ஸ்பார்ட்டாவோடு நடந்த நீண்ட யுத்தம். அலெக்ஸியாஸ், லைஸிஸ் என்ற இரண்டு வீரர்கள்.

தைரியம் போதாமல் பழங்காலத்துக்கு ஓடிவிட்டார் என்று இதைச் சொல்லலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இரண்டு நாவல்களையும் அடுத்தடுத்துப் படித்தபோது வேறொன்று தெரிந்தது. 1953-ம் ஆண்டு நாவலில் வரும் மனிதர்கள் பாதிப் பக்கங்களைத் தங்களைப் பற்றி விசாரிப்பதிலேயே செலவிடுகிறார்கள். 'நாம் யார்? நாம் நோயாளிகளா? குற்றவாளிகளா? யாரிடம் சொல்லலாம், யாரிடம் மறைக்கலாம்?' அவர்களைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தின் சட்டம் அவர்களை அப்படித்தான் கேட்க வைத்தது. ஆனால் ஏதென்ஸ் நகரத்து வீரர்களுக்கு இந்த விசாரணையே இல்லை. லைஸிஸின் அன்பு அலெக்ஸியாஸின் தந்தைக்குத் தெரியும், ஊருக்குத் தெரியும். ஆகவே அவர்களை வாட்டுகிற கேள்வி வேறு. 'இவனை நேசிக்கலாமா?' என்பது அல்ல. 'இவனால் நேசிக்கப்படத் தகுதியுள்ளவனாக இருக்கிறேனா?' என்பது. போர்க்களத்தில் இவன் பக்கத்தில் நிற்கும்போது என் கால் பின்வாங்குமா? முற்றுகையில் நகரமே பட்டினி கிடக்கும்போது என் பங்கு ரொட்டியை நான் என்ன செய்வேன்? இவனுக்கும் நகரத்துக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டி வந்தால்? கடைசியில், ஏதென்ஸை நசுக்கிய முப்பது கொடுங்கோலர்களை எதிர்த்து நடந்த போரில் லைஸிஸ் இறக்கிறான். தான் ஓர் ஆணை நேசித்தோமே என்று வெட்கப்பட்டு அவன் சாகவில்லை. தன் நகரம் சுதந்திரமாக இருக்கவேண்டும் என்பதற்காகச் சாகிறான்.

இதில்தான் இந்த வகை நாவல்களின் உண்மையான கவர்ச்சி இருக்கிறது என்று நான் நம்புகிறேன். ஒரு காதலை நீதிமன்றத்திலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் விடுதலை செய்து கொண்டுவந்தால்தான் அதை அறத்தின் முன்னால் நிறுத்த முடியும். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன் தான் நிரபராதி என்று சொல்வதிலேயே நேரம் போய்விடுகிறது. தான் நல்லவனா என்று தன்னையே கேட்டுக்கொள்ள அவனுக்கு அவகாசம் ஏது?

மார்கரீத் யூர்ஸ்னார் 1951-ல் பிரெஞ்சு மொழியில் எழுதிய 'ஹாட்ரியனின் நினைவுகள்' இதற்கு இன்னும் பெரிய சாட்சி. ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஹாட்ரியன், பித்தினியா நாட்டு இளைஞன் அந்தினோஸை நேசித்தான். கி.பி. 130-ல் எகிப்து யாத்திரையின்போது அந்தினோஸ் நைல் நதியில் மூழ்கி இறந்தான். விபத்தா, தற்கொலையா, பலியா, யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. சக்கரவர்த்தி அவனைத் தெய்வமாக்கினான். இறந்த இடத்தில் அவன் பெயரால் ஒரு நகரத்தையே கட்டினான். பேரரசு முழுவதும் சிலைகள் வைத்தான். ஐரோப்பாவின் காட்சிசாலைகளில் அந்தக் குனிந்த முகத்தை இன்றும் காணலாம். நாவலில் நோயுற்ற கிழவனாகிவிட்ட ஹாட்ரியன் தன் வாழ்க்கையைத் திருப்பிப் பார்க்கிறான். ஓர் ஆணை நேசித்தேனே என்று அவன் ஒரு கணமும் வருந்துவதில்லை. கூடவே இருந்தவனின் மனத்தில் என்ன நடக்கிறது என்று கவனியாமல் போனேனே என்றுதான் வருந்துகிறான். பாசம் பழகிப்போய், அலட்சியமாகி, சிறு சிறு கொடுமைகளாக மாறியதைக் கணக்கெடுக்கிறான். எனக்குக் கல்யாணமாகி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்தப் பக்கங்களைப் படித்த இரவு, உறங்கிக்கொண்டிருந்த என் மனைவியைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோமாபுரிச் சக்கரவர்த்தியின் குற்றம் மயிலாப்பூர்க் குடித்தனக்காரனுக்கும் பொருந்துகிறது என்றால், அது ஆண்காதல் பற்றிய நாவல் என்று மட்டும் சொல்லி அலமாரியில் தனியாக வைப்பது எப்படி?

இத்தகைய கதைகளை எழுதுகிறவர்களிலும் படிக்கிறவர்களிலும் பெண்கள் நிரம்ப இருக்கிறார்கள் என்பது பலருக்கு விந்தையாகப் படுகிறது. மேரி ரெனால்டை ஓர் ஆண் என்றே எண்ணியிருந்த வாசகர்கள் உண்டு. ஜப்பானில் 1970-களில் ஹாகியோ மோட்டோ, தாகேமியா கெய்கோ போன்ற பெண்கள் பழைய ஜெர்மானிய, பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் நடப்பதாகச் சித்திரக் கதைகள் வரைந்தார்கள். படித்தவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். மேடலின் மில்லர் என்ற அமெரிக்கப் பெண்மணி அக்கிலீஸ், பட்ரோக்ளஸ் கதையைப் பத்து ஆண்டுகள் உழைத்து எழுதி 2011-ல் வெளியிட்டார். மறு ஆண்டு ஆரஞ்சுப் பரிசு பெற்றது. எனக்கு இதில் விந்தை ஒன்றும் தோன்றவில்லை. ஆணும் பெண்ணும் காதலிக்கும் கதையில், முதல் பக்கத்திலேயே சமையலறையின் வாசம் வந்துவிடுகிறது. யார் வீட்டுக்கு யார் போவது, யார் யாருக்கு அடங்குவது, யார் வேலையை விடுவது என்பதெல்லாம் எழுதாமலே எழுதப்பட்டிருக்கிறது. இரண்டு ஆண்களின் கதையில் அவை முன்கூட்டியே தீர்மானமாகவில்லை. இருவரும் ஒரே நிலத்தில் நின்று பேசுகிறார்கள். அந்தச் சமத்துவத்தை ஒரு பெண் ஆசையோடு பார்த்தால் அதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் அந்த நிலம் உண்மையில் சமமானதுதானா என்று கேட்காமல் இருக்கக்கூடாது. ஏதென்ஸின் சுதந்திரம் அடிமைகளின் முதுகின்மேல் நின்றது. அந்த இரண்டு வீரர்கள் தத்துவம் பேசிக்கொண்டு உலாவும்போது, அவர்கள் வீட்டுப் பெண்கள் உள்ளறையில் இருந்தார்கள். கிரேக்கர்கள் புகழ்ந்த அந்த உறவே பெரும்பாலும் முதிர்ந்தவனுக்கும் வயது நிரம்பாத பிள்ளைக்கும் இடையே ஏற்பட்டது. இன்று நாம் அதை ஏற்க மாட்டோம், ஏற்கவும் கூடாது. ஆகவே நாவலாசிரியர்கள் வயதைச் சற்றே சரிசெய்து, இருவரையும் தோழர்களாக்கிவிடுகிறார்கள். ஹோமர் தம் காவியத்தில் அக்கிலீஸையும் பட்ரோக்ளஸையும் காதலர்கள் என்று சொல்லவில்லை. பின்னால் வந்த ஈஸ்கிலஸ் சொன்னார். பிளேட்டோவின் விருந்தில் அதைப் பற்றி விவாதமே நடக்கிறது. ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டியதை அந்த இருவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. நம் காலமும் வாங்குகிறது. அது தவறல்ல. ஆனால் வாங்கியது நாம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

பகோவாஸின் கதையில் இந்த முள் ஆழமாகக் குத்துகிறது. அவன் சிறு வயதிலேயே ஆண்மை நீக்கப்பட்டு அடிமையாக விற்கப்பட்டவன். பாரசீக மன்னன் தாரியஸிடமிருந்து, ஒரு பொருளைப் போல, வென்றவனிடம் கைமாறுகிறான். நாவலில் அலெக்ஸாந்தர் அவனைக் கட்டாயப்படுத்துவதில்லை. அவனாகவே மனத்தைக் கொடுக்கிறான். ஆனால் மறுக்கும் உரிமை இல்லாதவனின் சம்மதத்துக்கு என்ன மதிப்பு? மேரி ரெனால்ட் அவன் பட்ட அவமானத்தை மறைக்கவில்லை. அதைத்தான் முதலில் சொல்கிறார். ஆயினும் கதை போகப் போக, காதலின் இனிமையில் விலங்கின் ஓசை நம் காதில் விழாமல் போய்விடுகிறது. இரண்டாம் முறை படித்தபோதுதான் இது எனக்கு உறுத்தியது. உறுத்தவேண்டியதுதான். (நம் சரித்திர நாவல்களில் வரும் அந்தப்புரத்துப் பெண்களில் எத்தனை பேருக்கு மறுக்கும் உரிமை இருந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.)

இன்னொரு வகை நாவல் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆரம்பத்து இங்கிலாந்தில் நடப்பது. கோமான்கள், கோச்சு வண்டிகள், நடன மண்டபங்கள். கதவை மூடிவிட்டுப் பேசும் இரண்டு கனவான்கள். இவற்றுக்கும் இன்று பெருத்த கிராக்கி. அங்கே ஏதென்ஸின் சுதந்திரம் கிடையாது. அன்றைய ஆங்கிலச் சட்டத்தில் அதற்கு மரண தண்டனை. 1861 வரையில் ஏட்டில் இருந்தது. ஆக, ஒவ்வொரு முத்தத்துக்குப் பின்னாலும் ஒரு தூக்குமரம் நிற்கிறது. அதுதான் கதைக்கு விறுவிறுப்பு.

தூக்குமரத்தில் தொங்கியவர்கள் யார்? கடைசியாக இங்கிலாந்தில் இந்தக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்கள் ஜேம்ஸ் பிராட், ஜான் ஸ்மித் என்ற இருவர். 1835 நவம்பர் 27-ந் தேதி, நியூகேட் சிறையின் வாசலில். ஒருவன் குதிரைக்காரன், மற்றவன் கூலியாள். தெரிந்த கிழவர் ஒருவர் குடியிருந்த வாடகை அறையில் சந்தித்தார்கள். வீட்டுக்காரனும் அவன் மனைவியும் சாவித்துவாரத்தின் வழியே பார்த்துப் புகார் செய்தார்கள். இடம் கொடுத்த கிழவரை நாடுகடத்தினார்கள். சார்ல்ஸ் டிக்கன்ஸ் இளைஞராக இருந்தபோது நியூகேட்டைச் சுற்றிப் பார்க்கப் போய், சாவுக்குக் காத்திருந்த அந்த இருவரையும் கண்டு எழுதியிருக்கிறார். அவர்களை விசாரணைக்கு அனுப்பிய மாஜிஸ்டிரேட்டு ஹென்ஸ்லி வெட்ஜ்வுட் என்பவரே, கருணை காட்டும்படி உள்நாட்டு மந்திரிக்கு எழுதினார். பணக்காரன் சிறிது பணம் செலவழித்தால் இந்தக் குற்றத்தை யாருக்கும் தெரியாமல் செய்துகொள்ளலாம், தனியாக ஓர் அறை இல்லாத ஏழைதான் அகப்படுகிறான் என்பது அவருடைய வாதம். பயன் இல்லை.

இந்த விவரம் தெரிந்த பிறகு அந்தக் கோமான் கதைகளை என்னால் பழைய உற்சாகத்தோடு படிக்க முடியவில்லை. கோமானுக்குத் தாழ்ப்பாள் உண்டு, தனி மாளிகை உண்டு, ஆபத்து வந்தால் பிரான்சுக்குக் கப்பல் உண்டு. குதிரைக்காரனுக்கு ஒரு சாவித்துவாரம்தான் இருந்தது. அவனுடைய பயத்தைக் கடன் வாங்கிக் கோமானுக்குப் போர்த்தி நாம் ரசிக்கிறோம். எழுதக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தக் கதைகள் பெரும்பாலும் சுபமாக முடிகின்றன, முடியட்டும். ஃபார்ஸ்டர் 1913-14-ல் 'மாரிஸ்' என்ற நாவலை எழுதினார். இரண்டு ஆண்களும் சேர்ந்து வாழ்வதாகவே முடித்தார். சந்தோஷமான முடிவு கட்டாயம் வேண்டும் என்பதற்காகவே அதை எழுதியதாகப் பிற்காலத்தில் குறிப்பிட்டார். ஒருவன் தூக்கு மாட்டிக்கொண்டதாக முடித்திருந்தால் பிரசுரிப்பது சுலபமாக இருந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. முடிவை மாற்ற மறுத்து, கையெழுத்துப் பிரதியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அவர் இறந்த மறு வருஷம், 1971-ல், அது வெளிவந்தது. ஐம்பத்தேழு ஆண்டுகள் மேஜை அறையில் கிடந்த சந்தோஷம்! அவருடைய தலைமுறையில் ஒருவன் சாகாமல் கதையை முடிப்பதற்கே அவ்வளவு பிடிவாதம் வேண்டியிருந்தது.

இவற்றையெல்லாம் எண்ணும்போது, என் கண்ணீரின் மதிப்பு எனக்குக் குறைந்துகொண்டே போகிறது. தீப்ஸ் நகரத்தில் 'புனிதப் படை' என்று ஒன்று இருந்தது. முந்நூறு வீரர்கள், நூற்றைம்பது காதல் ஜோடிகள் என்று சொல்வார்கள். கி.மு. 338-ல் கெய்ரோனியாப் போரில் அலெக்ஸாந்தரின் தந்தை பிலிப்பு அவர்களை அழித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த இடத்தைத் தோண்டியபோது, ஒரு கற்சிங்கத்தின் காவலில், ஏழு வரிசைகளாகக் கிடத்தப்பட்ட 254 எலும்புக்கூடுகள் கிடைத்தன. போர் முடிந்ததும் பிலிப்பு அந்தப் பிணங்களுக்கு நடுவே வந்து நின்று அழுதான் என்றும், இவர்களை இழிவாகப் பேசுகிறவன் நாசமாகட்டும் என்று சபித்தான் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். மிக உருக்கமான காட்சி. ஆனால் அவர்களைக் கொன்றவனும் அவன்தானே! உயிரோடு எதிரே நின்றபோது ஈட்டியை நீட்டியவன், கீழே விழுந்த பிறகு அழுகிறான். அப்போது அழுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நானும் ஹெபஸ்தியோனுக்காக அழுதேன். அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒன்றே ஒன்று கேட்டார். அன்று நம் நாட்டிலும் அந்தச் சட்டம் இருந்தது. 1860-ல் வெள்ளைக்காரன் எழுதி வைத்த 377-வது பிரிவு. இங்கிலாந்து தன் மண்ணில் 1967-ல் சட்டத்தைத் தளர்த்திய பிறகும் நாம் அதை வைத்துக்கொண்டிருந்தோம். 2018 செப்டம்பர் 6-ந் தேதிதான், மனமொத்த வயது வந்தவர்களுக்கு அது பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அந்த மாலையில் அவரால் என்னிடம் எதையும் வெளிப்படையாகச் சொல்லியிருக்க முடியாது. ஆகவே ஒரு நாவலைக் கொண்டுவந்து வைத்தார். தாம் பேச முடியாததை அலெக்ஸாந்தர் பேசட்டும் என்று எண்ணியிருக்கலாம். சரித்திர நாவலுக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கிறது என்பது, வாழ்நாளெல்லாம் கதை எழுதிய எனக்கு அன்று தோன்றவில்லை. தொலைவில் நடந்த கதை என்பதனால்தான் அதை அவரால் என்னிடம் கொடுக்க முடிந்தது. அதே தொலைவை நான் கதவாக்கிச் சாத்திவிட்டேன்.

அவர் இப்போது வடக்கே ஒரு நகரத்தில் இருக்கிறார். பொங்கலுக்கு வாழ்த்து அனுப்புவார், நானும் அனுப்புவேன். அவரைப் பற்றி நான் ஊகித்தது சரிதானா என்றுகூட எனக்குத் தெரியாது. அதைக் கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நாவலைப் பற்றியது. அதற்கு நான் நியாயமாகப் பதில் சொல்லியிருக்கலாம். சென்ற மாதம் பழைய புத்தகக் கடையில் அதே நாவலின் பிரதி ஒன்று கிடைத்தது. வாங்கி, எக்பதானா வரும் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து, "நட்பு அல்ல, நான் அன்று தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறேன். விலாசம் எழுதிவிட்டேன். இன்னும் தபாலில் சேர்க்கவில்லை.